பட்ட மரமா, மொட்டை மரமா?

ரமணாசிரமம் பக்கம் போய் வருகிறவர்கள் கவனித்திருப்பீர்கள். செங்கம் சாலையில் காபிக்கடை, தங்கும் விடுதி என்று எங்கே நுழைந்தாலும் சுவரில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் இருக்கும். மொட்டை மரம், பின்னால் மலை, கீழே 'நிலையாமை', 'துறவு' என்று ஏதாவது ஒரு தலைப்பு.

போன பங்குனியில் ஒரு கடையில் இப்படிப் பன்னிரண்டு படங்கள் பார்த்தேன். எடுத்தவர் கை தேர்ந்தவர்தான். பட்டையின் ஒவ்வொரு வெடிப்பும் தெரிகிறது. ஆனால் தொடருக்கு 'செத்துக்கொண்டிருக்கும் மரங்கள்' என்று பெயர். அங்கேதான் எனக்கு இடித்தது. அதில் பாதி மரம் சாகவே இல்லீங்க.

இந்த மலைக்காடு இலையுதிர் காடு. மாசி, பங்குனியில் பல மரங்கள் இலையைக் கொட்டிவிட்டு நிற்கும். கோடையில் தண்ணீரைச் சேமிக்கும் வழி அது. வாகை மரத்தில் அப்போது காய்ந்த நெற்றுகள் மட்டும் தொங்கிச் சலசலக்கும். ஆசிரம முன்வாசலில் நிற்கும் பழைய இலுப்பையையே பாருங்கள். இலுப்பை பழைய இலையை உதிர்த்த பிறகு பூவும் செம்பு நிறத் தளிருமாக வரும். 'உயிரோடுதான் இருக்கேன்' என்று மரம் சொல்வது அந்தச் சிவப்பில். கறுப்பு வெள்ளையில் முதலில் காணாமல் போவதும் அதுதான். பட்டையை நகத்தால் கீறி உள்ளே பச்சை இருக்கிறதா என்று பார்ப்போமே, அந்தச் சோதனையும் இங்கே செல்லாது.

கறுப்பு வெள்ளையே தப்பு என்று சொல்லவில்லை. 1946இல் வெல்லிங் எடுத்த ரமணர் படத்தில் நிறம் இல்லை என்று யாருக்கும் குறையாகத் தோன்றியதில்லை. முகத்துக்கு ஒளியும் நிழலும் போதும். மரம் சாகிறதா இல்லையா என்ற கேள்விக்கு அது போதாது. வேறு சாட்சி வேண்டும்.

அந்தச் சாட்சியைச் சேர்த்துக் கொடுப்பவர் அமெரிக்கப் புகைப்படக்காரர் பெத் மூன். உலகத்தின் பழைய மரங்களைப் பல ஆண்டுகள் தேடிப் போய் எடுத்து, பிளாட்டினம் அச்சில் போடுகிறவர். அவரும் கறுப்பு வெள்ளைதான். ஆனால் 2018இல் மடகாஸ்கரில் ஒரு பழைய பாவோபாப் அடிமரம் பிளந்து சாகிறது என்று கேள்விப்பட்டுப் போனபோது, எந்த மரம், எங்கே, என்ன ஆச்சு என்பதையும் எழுதினார். நம் கடைச் சுவரில் தத்துவம் இருக்கிறது. மரத்தின் பெயர்கூட இல்லை.

அந்தப் பன்னிரண்டில் நிஜமாகவே பட்டுக்கொண்டிருக்கும் மரங்களும் உண்டு. கிரிவலப் பாதையில் எனக்குத் தெரிந்தே இரண்டு. ஆனால் படம் மரத்தின் இடுப்போடு நின்றுவிடுகிறது. அதற்குக் கீழே அடிமரத்தை ஒட்டிப் போட்ட சிமெண்ட், விளம்பரப் பலகைக்கு அடித்த ஆணிகள். வேருக்குக் காற்றும் இல்லை, தண்ணீரும் இல்லை. சாவைக் காட்டுகிற படம், சாவுக்கான காரணத்தை வெட்டி எறிந்துவிட்டது. அப்புறம் அது 'நிலையாமை' ஆகாமல் என்ன ஆகும்?

இது வெறும் ரசனைத் தகராறு இல்லை. கிரிவலப் பாதையை அகலப்படுத்த மரங்களை வெட்டியபோது, 2016இல் பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டுத்தான் நிறுத்த வேண்டியிருந்தது. மரத்தை வெட்ட நினைக்கிறவர் முதலில் சொல்வது 'அது பட்ட மரம்' என்பதுதான். அதே வார்த்தையை அழகாகச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுகிறவர் கொஞ்சம் யோசிக்க வேண்டாமா?

படத்துக்குக் கீழே மரத்தின் பெயரும் எடுத்த மாதமும் எழுதினால் போதும். முடிந்தால் அதே மரத்தை ஆடியில் இன்னொரு தடவை எடுத்துப் பக்கத்தில் மாட்டலாம்.

வைகாசியில் மறுபடியும் அந்தப் பக்கம் போனேன். கடையில் 'துறவு' என்று மாட்டியிருந்தது ஒரு வாகை. நேரில் போய்ப் பார்த்தால் கிளை தெரியாமல் இலை. கீழே ஒருத்தர் வண்டியை நிறுத்தி இளநீர் சீவிக்கொண்டிருந்தார். மரம் எப்படி இருக்கு என்று கேட்டேன். "அதுக்கென்னங்க, நல்லா நிழல் குடுக்குது" என்றார்.