தமிழ்த் திரைப்படத்திற்கு வாய்க்காத அவை

திறவுச்சொற்கள்: திரைப்படச் சங்கம், திரைத் திறனாய்வு, அக்ரகாரத்தில் கழுதை, ஒடேசா, உதிரிப்பூக்கள்

தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையத்தில் அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியது என்பது பனம்பாரனாரின் சிறப்புப்பாயிரம் தரும் செய்தி. நூலொன்று உலவத் தொடங்குமுன் அதைக் கேட்டுத் தடை எழுப்பி விடை பெறும் அவை வேண்டும் என்னும் கருத்து தமிழ் மரபில் அத்துணைப் பழமையானது. இருபதாம் நூற்றாண்டில் தமிழகத்தின் பெருங்கலையாக வளர்ந்த திரைப்படத்திற்கு அத்தகைய அவை அமையவில்லை. படங்களைப் பற்றிப் பேசுவோருக்கு இங்குக் குறைவிருந்ததில்லை. ரசிகர் மன்றங்கள் தெருத்தோறும் தோன்றின. இதழ்கள் வாரந்தோறும் விமரிசனம் வெளியிட்டன. ஆயின் மன்றம் நடிகரின் புகழைக் காத்தது; இதழ், படத்திற்குப் போகலாமா கூடாதா என்பதைச் சொல்லியது. ‘16 வயதினிலே’ (1977) படத்திற்கு ஆனந்த விகடன் வழங்கிய 62.5 மதிப்பெண் இன்றும் நினைவுகூரப்படுகிறது. அதற்குரிய காரணங்களை நினைவில் வைத்திருப்போர் அரியர்.

விவாத அவையாக வளர்ந்திருக்கக்கூடியது திரைப்படச் சங்கம். 1947இல் சத்யஜித் ராய், சிதானந்த தாஸ்குப்தா முதலியோர் கல்கத்தா திரைப்படச் சங்கத்தைத் தொடங்கினர். 1959இல் ராயைத் தலைவராகக் கொண்டு இந்தியத் திரைப்படச் சங்கங்களின் கூட்டமைப்பு உருவானபோது சென்னைச் சங்கமும் அதில் இடம்பெற்றது. அயல்நாட்டுப் படங்களைத் தணிக்கைச் சான்றின்றி உறுப்பினர்களுக்கு மட்டும் திரையிடும் விலக்கு இச்சங்கங்களுக்குக் கிடைத்தது. தூதரகங்கள் படச்சுருள்களை அளித்தன. இச்சலுகையே சங்கங்களின் வலிமையாகவும் எல்லையாகவும் ஆயிற்று. திரையரங்கில் காண இயலாததைக் காட்டுவதே சங்கத்தின் பணி என்றானபின், அடுத்த தெருவில் ஓடும் தமிழ்ப்படத்தை அங்கு விவாதிக்க வேண்டிய தேவை எழவில்லை. (தணிக்கைக்கு உட்படாத காட்சிகளுக்காகவே உறுப்பினரானோரும் உண்டு, அது தனிக்கதை.) பெர்க்மனைப் பார்க்கப் பயின்ற கண்ணைத் தமிழ்ப்படத்திற்குப் போகும்போது வீட்டில் விட்டுச் செல்லும் வழக்கம் இவ்வாறு நிலைபெற்றது. ஜெயகாந்தன் தம் கதையைத் தாமே இயக்கிய ‘உன்னைப்போல் ஒருவன்’ (1965) தேசிய அளவில் தகுதிச் சான்று பெற்றும் வணிக அரங்குகளில் நிலைகொள்ளவில்லை. இத்தகைய படங்களே சங்கங்களின் முதற்பொருளாகியிருக்க வேண்டும்.

ஜான் ஆபிரகாமின் வரலாறு இக்குறையைத் துலக்கமாகக் காட்டுகிறது. வெங்கட் சாமிநாதனின் திரைக்கதையில் அவர் இயக்கிய ‘அக்ரகாரத்தில் கழுதை’ (1977) சிறந்த தமிழ்ப்படத்திற்கான தேசிய விருதைப் பெற்றது. தமிழ் இதழுலகம் பெரும்பாலும் அதைப் பொருட்படுத்தவில்லை. 1989இல் தூர்தர்ஷன் அதை ஒளிபரப்ப முன்வந்தபோதும் எதிர்ப்பு எழவே ஒளிபரப்பு கைவிடப்பட்டது. எதிர்த்தோருக்கு ஓர் அணி இருந்தது; படத்தைக் கண்டு, அதன் அங்கதம் எங்கே கூர்மை பெறுகிறது, எங்கே தளர்கிறது என்று எடுத்துரைக்கத்தக்க அணி இல்லை. எனவே அப்படத்தைப் பற்றிய பேச்சு சாதி, சமய உணர்வு என்ற அளவில் நின்றது. கழுதையும் பேராசிரியரும் ஒரே சட்டகத்தில் நிறுத்தப்படும் முறை பேசப்படாமலே போயிற்று. கேரளத்தில் நிலைமை வேறு. அங்கே 1965இல் அடூர் கோபாலகிருஷ்ணன் முதலியோர் தொடங்கிய சித்ரலேகா சங்கத்தின் வழிவந்த கூட்டுறவு அமைப்பே ‘ஸ்வயம்வரம்’ (1972) படத்தைத் தயாரித்தது. பார்த்து விவாதித்தவர்களே படைப்பாளராயினர். ஜானும் 1980களில் ஒடேசா என்னும் மக்கள் கூட்டமைப்பை உருவாக்கி, ஊர் ஊராகப் படம் காட்டித் திரட்டிய பணத்தில் ‘அம்ம அறியான்’ (1986) எடுத்தார். பார்வையாளர் குழாத்தை முதலில் அமைத்துப் பின்னர்ப் படத்தை எடுத்த அதே கலைஞருக்குத் தமிழில் படம் மட்டுமே வாய்த்தது.

அண்மைக் காலத்தில் இவ்விடைவெளியை நிரப்பும் முயற்சிகள் இல்லாமலில்லை. ப. திருநாவுக்கரசின் ‘நிழல்’ இதழும் அது சிற்றூர்களில் நடத்திய குறும்படப் பயிற்சிப் பட்டறைகளும், மதுரையில் மறுபக்கம் நடத்தும் ஆவணப்பட விழாக்களும், தமிழ் ஸ்டுடியோவின் திரையிடல்களும் உள்ளூர்ப் படைப்புகளையே நடுவில் வைத்தவை. இவற்றின் பயன் பெரிது. எனினும் திரையிடலுக்குப் பின் நிகழும் உரையாடல்கள் இரண்டு வழிகளில் திசைமாறுவதைக் காணலாம். ஒன்று, இயக்குநர் அவையில் இருப்பதால் பாராட்டுரையாக முடிதல். மற்றொன்று, படத்தை விட்டு அதன் பாடுபொருளுக்குத் தாவுதல். இரண்டாவதே தமிழ்த்துறைகளில் மிகுதி.

மகேந்திரனின் ‘உதிரிப்பூக்கள்’ (1979) பற்றிய பேச்சு இதற்குத் தக்க சான்று. புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யோடு ஒப்பிட்டு, கதையில் உள்ளது எது, படத்தில் சேர்ந்தது எது என்று பட்டியலிடுவதும், ஆற்றங்கரை இறுதிக்காட்சியின் உரையாடலை எடுத்துக்காட்டுவதும் வழக்கம். அசோக்குமாரின் ஒளிப்பதிவு முகங்களிலிருந்து விலகி நிற்கும் தொலைவு, இளையராஜா இசையை நிறுத்திவைக்கும் இடங்கள், பி. லெனினின் படத்தொகுப்பு ஒரு காட்சியை முடிக்காமல் அடுத்ததற்குச் செல்லும் துணிவு ஆகியன ஆய்வேடுகளில் ஒரு பத்தியளவு இடமும் பெறுவதில்லை. நாவலைப் படிக்கப் பயின்ற துறை, திரைப்படத்தையும் நாவலாகவே படிக்கிறது. சட்டகம், காட்சித்துண்டு, படத்தொகுப்பு முதலிய சொற்கள் தமிழில் உள்ளன. அவற்றைக் கூட்டாகப் பயன்படுத்திப் பழகிய அவையே இல்லை. ஒரு சொல் கலைச்சொல்லாவது அகராதியில் ஏறுவதால் அன்று, ஒருவர் கூற்றை மற்றவர் அச்சொல்லாலேயே மறுப்பதால்.

இவ்விவாதங்கள் எழுதி வைக்கப்படாமை மற்றொரு குறை. முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ (1931) இன்று காணக் கிடைப்பதில்லை. அக்கால இதழ்க் குறிப்புகள், விளம்பரங்கள், பாட்டுப் புத்தகம் ஆகியவற்றைக் கொண்டே அதைப் பற்றி எழுத வேண்டியுள்ளது. தியடோர் பாஸ்கரன் போன்றோர் தொடக்கக்காலத் தமிழ்த் திரையின் வரலாற்றைக் கட்டியெழுப்பியதும் இத்தகைய துணுக்குகளிலிருந்தே. நினைவுத் தட்டுகளிலும் கையடக்க வட்டுகளிலும் மட்டும் உலவும் இன்றைய குறும்படங்கள் பல, படச்சுருளின் ஆயுளும் இல்லாதவை. அவற்றைப் பார்த்துக் கலைந்துபோகும் ஓர் அவை, ‘காளிதாஸ்’ விட்டுச்சென்ற பாட்டுப் புத்தகம் அளவுக்குக்கூட எதையும் விட்டுச்செல்வதில்லை.