கஞ்சா / விஜயா: ஒரு மருந்து பாட்டிலை வாசித்தல்

ராஜா அண்ணாமலைபுரத்தில் நண்பர் வீட்டு மேசைமேல் இருந்த ஒரு சிறிய பாட்டிலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. நண்பரின் அம்மாவுக்கு வயது எழுபத்திரண்டு. புற்றுநோய்க்குச் சிகிச்சை நடக்கிறது. இரவில் வலி, தூக்கமில்லை. போனில் ஒரு வைத்தியரிடம் பேசி, கூரியரில் வரவழைத்த எண்ணெய் அது. லேபிளில் 'விஜயா' இலைச் சத்து என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது. பக்கத்தில் விரல் விரித்த மாதிரி ஓர் இலைப் படம். வீட்டு வேலைக்கு வரும் பெண்மணி மேசையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "இன்னாம்மா இது, கஞ்சா எலை கணக்கா கீது?" அம்மாவுக்குச் சுருக்கென்றது. "சும்மா இரு. அதெல்லாம் ஒண்ணுமில்ல, இது ஆயுர்வேதம்."

இருவரில் அந்த லேபிளைச் சரியாக வாசித்தவர் வேலைக்கு வந்தவர்தான். அவர் இதே பகுதியில் கோவிந்தசாமி நகரில் இருந்தவர். 2022 மே மாதம் நீதிமன்ற உத்தரவின் பேரில் அந்த வீடுகள் இடிக்கப்பட்டன. அப்போது அங்கே வாழ்ந்த ஒருவர் தீக்குளித்து இறந்துபோனார். இவர் இப்போது பெரும்பாக்கத்திலிருந்து பஸ் பிடித்து வருகிறார். அதே ஆண்டு தமிழகக் காவல்துறை 'கஞ்சா வேட்டை' என்றே பெயர் வைத்து நடத்திய நடவடிக்கையின்போது ஒரு பொட்டலத்துக்காக இவருடைய மகனைப் பிடித்துப் போனார்கள். வேட்டை என்றால் வேட்டையாடப்படுவது செடியா, ஆளா என்று யாரும் கேட்கவில்லை.

"அம்மாவுக்கு மருந்துன்னா எம் புள்ளைக்கு மட்டும் ஏன் சார் கேசு?" என்று அவர் என்னிடம் கேட்டார். சட்டப்படி இதற்குப் பதில் உண்டு. 1985ஆம் ஆண்டின் போதைமருந்துச் சட்டம் பூவும் காயும் உள்ள நுனியைத்தான் 'கஞ்சா' என்கிறது. நுனியோடு சேராத இலையும் விதையும் அந்த வரையறையில் வராது. மருத்துவப் பயன்பாட்டுக்கும் அதே சட்டத்தில் இடமுண்டு. 1940ஆம் ஆண்டின் மருந்துச் சட்டத்தைச் சேர்ந்த ஈ(1) அட்டவணை, ஆயுர்வேதம், சித்தம், யுனானியில் பயன்படும் நச்சுச் சரக்குகளைப் பட்டியலிடுகிறது. அதன் சித்தப் பகுதியில் அபினி, எட்டி, ஊமத்தையோடு கஞ்சாவும் அந்தப் பெயரிலேயே இருக்கிறது. ஆக அம்மாவின் பாட்டில் சட்டத்துக்குள் வருகிறது, பையனின் பொட்டலம் வெளியே நிற்கிறது. ஆனால் அந்தத் தாய் கேட்டது சட்ட வரையறையை மட்டும் அல்லவே.

சித்த மருத்துவத்தில் நச்சுச் சரக்கைச் 'சுத்தி' செய்த பிறகே மருந்தில் சேர்ப்பார்கள். இந்த லேபிளில் பெயருக்குச் சுத்தி நடந்திருக்கிறது. கஞ்சா என்றால் சேரி, ரவுடி, குற்றச்செய்தி; விஜயா என்றால் மரபு, ஆரோக்கியம். சமஸ்கிருதம் ஏறியதும் அதே செடி நடுத்தர வர்க்கத்துப் பூஜை அறைக்குப் பக்கத்திலேயே உட்கார முடிகிறது.

கஞ்சாவைப் பற்றிய 'அறிவு' இங்கே பெரும்பாலும் காவல்துறை வழியாகவே உற்பத்தியாகியிருக்கிறது. 1893இல் பிரிட்டிஷ் அரசு அமைத்த இந்திய ஹெம்ப் டிரக்ஸ் கமிஷன் 1,193 சாட்சிகளை விசாரித்தது. கஞ்சா பைத்தியமாக்கும் என்ற வாதத்துக்கு ஆதாரமாக மனநோய் விடுதிகளின் பதிவேடுகள் காட்டப்பட்டன. கமிஷன் தோண்டிப் பார்த்தபோது, 'காரணம்' என்ற கட்டத்தில் இருந்ததெல்லாம் பல இடங்களில் போலீஸ் எழுதி அனுப்பியதன் நகல் என்று தெரியவந்தது. ஃபூக்கோவைப் படித்தவர்களுக்கு இது ஆச்சரியம் தராது. மிதமான பயன்பாடு பெரும் தீங்கில்லை, முழுத்தடை வேண்டாம் என்று 1894இல் அறிக்கை வந்தது. அறிக்கை அலமாரிக்குப் போனது, போலீஸ் கட்டம் மட்டும் நம் மூளையில் தங்கிவிட்டது.

1985இல் இந்தியா அந்தச் சட்டத்தை இயற்றியது. அதே ஆண்டு அமெரிக்கா, கஞ்சாவின் போதைப்பொருளான டிஎச்சியின் செயற்கை வடிவத்தை, கீமோதெரபி நோயாளிகளின் குமட்டலுக்கு மருந்தாக அனுமதித்தது. நம் சட்டத்தின் பயம் மார்ஃபினையும் விட்டுவைக்கவில்லை. லைசென்சுக்குப் பயந்து மருத்துவமனைகள் மார்ஃபினைக் கைவிட்டன. புற்றுநோயாளிகள் வலியில் கிடந்தார்கள். அதை ஓரளவு சரிசெய்யும் திருத்தம் வர 2014 ஆனது. 2020 டிசம்பரில் ஐ.நா. போதைமருந்து ஆணையம் மிகக் கடுமையான பட்டியலிலிருந்து கஞ்சாவை நீக்கியது. 27க்கு 25 என்ற அந்த வாக்கெடுப்பில் இந்தியா நீக்கத்துக்கு ஆதரவாக வாக்களித்தது. அந்தச் செய்தி நோயாளியின் படுக்கைவரை வந்துசேர்ந்ததா?

நம் சிற்றிதழ் வட்டத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். நமக்குக் கஞ்சா என்றால் கலகம், சித்தர் மரபு, கோரக்கர் மூலி. போலீஸ் இதைப் பேய் என்கிறது, நாம் சாமி என்கிறோம். இரண்டிலும் நோயாளி இல்லை. இந்தச் செடி புற்றுநோயைக் குணமாக்கும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. குமட்டலுக்கும், சில அரிய வகைக் குழந்தை வலிப்புக்கும் பலன் நிரூபணமாகியிருக்கிறது. நாள்பட்ட வலிக்கு ஓரளவுதான், அதுவும் எல்லோருக்கும் இல்லை. இளவயதில் அதிகம் புழங்கினால் மனச்சிதைவு அபாயம் கூடுகிறது. தூக்க மாத்திரையோடு சேர்ந்தால் முதியவர்கள் தடுமாறி விழுவார்கள். இதையெல்லாம் சொல்லாத கலகம் யாருக்கு உதவும்?

அம்மாவிடம் கேட்டேன்: "உங்க கேன்சர் டாக்டர்கிட்ட இதைச் சொன்னீங்களாம்மா?" "ஐயையோ, சொன்னா திட்டுவார்ப்பா." அவர் ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர். கஞ்சாச் சத்து வார்ஃபரினின் வேகத்தைக் கூட்டி ரத்தக்கசிவில் கொண்டுவிடலாம். எண்ணெய் தந்த வைத்தியர் கேட்கவில்லை, அம்மா சொல்லவில்லை. 'கஞ்சா' என்ற சொல்லைச் சுற்றியிருக்கும் வெட்கம் இப்படித்தான் உடம்புக்குள் வேலை செய்கிறது.

பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன். ஈ(1) சரக்கு சேர்ந்த உள்மருந்தில் 'மருத்துவ மேற்பார்வையில் உட்கொள்ளவும்' என்ற எச்சரிக்கை இருக்க வேண்டும் என்கிறது விதி 161. எந்த மொழியில்? ஆங்கிலத்திலும் இந்தியிலும். தமிழில் எழுதப்பட்ட சித்த மருத்துவத்தின் சரக்குக்கும் எச்சரிக்கை இந்த இரண்டு மொழிகளில்தான். அம்மாவுக்கு ஆங்கிலம் அரைகுறை, இந்தி சுத்தமாகத் தெரியாது.

சட்டத் திருத்தம், விடுதலை என்று பெரிய கோரிக்கைகள் நமக்கு உண்டு, அவை இருக்கட்டும். அதற்கு முன்னால் ஒரு தாள் வேண்டும். தமிழில், ஒரே பக்கம். இது கஞ்சா, இதற்கு உதவும், இதற்கு உதவாது, இன்னின்ன மாத்திரையோடு சேர்க்காதே, உன் டாக்டரிடம் தைரியமாகச் சொல். அந்தத் தாளில் 'கஞ்சா' என்ற சொல் அச்சாக வேண்டும். அம்மா அந்தச் சொல்லை டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்ல முடிகிற நாளில்தான், மேசை துடைக்க வந்தவரின் கேள்விக்கும் அந்த வீட்டில் யாராவது காது கொடுப்பார்கள்.