வினவுவோர் யார்? – சித்தூர், திருப்பதி வட்டாரத் திருச்சபைப் போதனையும் வினா-விடை வடிவமும்

தமிழ் உரைநடை வரலாற்றை எழுதியோர் கிறித்தவ வினா-விடை நூல்களைக் குறிப்பிடத் தவறுவதில்லை. ஆயினும் அவற்றை அச்சு வரலாற்றின் முகப்பில் நிறுத்தி வணங்கிவிட்டு அப்பால் சென்றுவிடுகின்றனர். 1578இல் கொல்லத்தில் அச்சான 16 பக்கத் ‘தம்பிரான் வணக்கம்’ இந்திய மொழி எழுத்தில் இந்தியாவில் அச்சேறிய முதல் நூல் என்பது பள்ளி மாணவரும் அறிந்த செய்தி. அடுத்த ஆண்டு கொச்சியில் வெளிவந்த ‘கிரிசித்தியானி வணக்கம்’ எத்தகைய நூல் என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகிறது. அது மார்க்கோஸ் ஜோர்ஜ் என்னும் சேசு சபைக் குரு சிறுவர்க்குக் கற்பிப்பதற்காகப் போர்த்துக்கீசிய மொழியில் உரையாடலாக அமைத்த நூலின் வழி வந்தது. அண்டிரிக் அடிகளார் அதனைத் தமிழாக்கியதோ முத்துக்குளித்துறையில் முழு ஊராகத் திருமுழுக்குப் பெற்ற மக்களின் பயன்பாட்டிற்கு. சிறுவர்க்கென எழுந்த நூல், கடலோடிப் பிழைத்த முதியோர் கையிலும் அதே வடிவில் வந்து சேர்ந்தது. திருச்சபைப் போதனை நூல்கள் முதியோரை எவ்வாறு நோக்கின என்னும் சிக்கல் இங்கேயே தொடங்குகிறது. அதனைச் சித்தூர், திருப்பதி வட்டாரத்தை மையமாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

இவ்வட்டாரத்தைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. 1911இல் தனி மாவட்டமாகும் வரை சித்தூர் வடஆர்க்காட்டைச் சேர்ந்திருந்தது. 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்துடன் இணைந்தபோதும் சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்திலேயே நிலைத்தன. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. நகரி, புத்தூர், சத்தியவேடு போன்ற பகுதிகளில் வீட்டுமொழி தமிழாகவும் பொதுமொழி தெலுங்காகவும் இருக்கும் குடும்பங்கள் பல. பள்ளியில் தெலுங்கு எழுத்தைக் கற்ற சிறுவன் ஆலயத்தில் தமிழ் வினா-விடையைச் செவிவழியாகவே மனனம் செய்யும் நிலை இத்தகைய எல்லைப் பகுதிக்கு இயல்பானது. அங்கு அச்சு நூல் மீண்டும் வாய்மொழி இலக்கியமாகிவிடுகிறது. எழுத்தறியாத முதியோர்க்கு அது தொடக்கம் முதலே வாய்மொழியாகத்தான் இருந்தது.

சமய நிறுவனங்களின் வரலாறும் இவ்வட்டாரத்தில் இரு கிளைப்பட்டது. ஸ்கடர் சகோதரர்கள் 1853இல் நிறுவிய அமெரிக்க ஆர்க்காடு மிஷனுக்குச் சித்தூர் தொடக்ககால நிலையங்களுள் ஒன்று. அம்மிஷன் ஆங்கிலக் கல்வியை முன்னிறுத்தாமல் தாய்மொழிப் பிரசங்கத்தை முதற்பணியாகக் கொண்டது. உபதேசியார்களைப் பயிற்றும் இறையியல் பள்ளி 1880களின் இறுதியில் பலமநேரில் திறக்கப்பட்டது. திருப்பதிப் பகுதியிலோ ஜெர்மனியின் ஹெர்மன்ஸ்பர்க் மிஷன் வழிவந்த லூத்தரன் சபை வேரூன்றியது. அதன் பணிமொழி தெலுங்கு. இவ்விரண்டிற்கும் பின்புலமாக நின்ற போதனை நூல்களும் இரண்டு: ஹைடெல்பெர்க் நகரில் 1563இல் வெளியான வினா-விடை, லூத்தர் 1529இல் எழுதிய சிறிய ஞானோபதேசம். முன்னது 129 வினாக்களை ஆண்டின் 52 ஞாயிறுகளுக்குப் பகுத்துத் தருவது. அதாவது சபை கூடும் நாளை மனத்திற் கொண்டது. பின்னது வீட்டுத் தலைவன் தன் வீட்டார்க்குக் கற்பிக்கும் முறையில் அமைந்தது. லூத்தர் அதே ஆண்டில் பெரிய ஞானோபதேசம் ஒன்றையும் எழுதினார். எனினும் தரங்கம்பாடியில் சீகன்பால்கு தமிழாக்கிய காலம் முதல் இந்தியச் சபைகளில் பெருவழக்குப் பெற்றது சிறிய நூலே.

இந்நூல்களின் வினா எத்தகையது? இதற்கு விடை காண மேலைநாட்டுக் கல்வியியலைத் தேடிச் செல்ல வேண்டுவதில்லை, நன்னூலே போதுமானது. பவணந்தியார் வினாவை அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என அறுவகைப்படுத்துவர். ஆசிரியன் மாணாக்கனிடம் ஒரு நூற்பாவிற்குப் பொருள் கேட்பது அறிவினா என்றும், மாணாக்கன் ஆசிரியனிடம் அதனையே கேட்பது அறியாவினா என்றும் உரைகாரர் விளக்குவர். தொடர் ஒன்றே, வினவுவோர் மாற வினாவின் இயல்பும் மாறிவிடுகிறது. லூத்தரின் நூலில் ஒவ்வொரு கட்டளைக்கும் பின் பொருள் கேட்கும் வினா திரும்பத் திரும்ப வருகிறது. அது உரைகாரர் எடுத்துக்காட்டின் மறுபதிப்பே எனலாம். ஆயின் அது என்றும் ஆசிரியன் வாயிலிருந்தே பிறக்கிறது. அறியாவினாவிற்கும் ஐயவினாவிற்கும் நூலில் இடமில்லை. சிறுவர் வகுப்பில் இது பெருங்குறை ஆகாது. மனனப் பருவத்திற்கு அறிவினா பொருந்தும். வாழ்க்கையில் அடிபட்டு வந்த முதியவரிடம் இருப்பதோ பெரும்பாலும் ஐயவினாக்கள்.

முன்னிலைச் சொல்லிலும் இச்சிக்கல் உண்டு. ஐரோப்பிய மூலத்தின் ஒருமை முன்னிலை கடவுள், குழந்தை, கிழவர் அனைவர்க்கும் ஒன்றே. தமிழில் அது இயலாது. கிறித்தவத் தமிழ் கடவுளை ‘நீர்’ என்றது. கற்போனை ‘நீ’ என்றது. ஆர்க்காடு மிஷனின் சிற்றூர்ச் சபைகள் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினரால் ஆனவை. ஊர்த் தெருவில் நரைத்த தலையோடு ‘நீ’ எனவே அழைக்கப்பட்டவர், ஆலயத்திற்குள் தம்மினும் இளைய உபதேசியாரின் கையிலிருந்த நூலிலும் அதே சொல்லை எதிர்கொண்டார். அது இலக்கணத்தின் வழியே நுழைந்த சிறுமை. மொழிபெயர்த்தோர் இதனை உணர்ந்திருக்கக் கூடும் என்று நாம் ஆறுதல் கொள்ளலாம். நூல்களின் நடை அவ்வாறு காட்டவில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அதனைக் கூறாது விடுவது நேர்மையன்று. ஹைடெல்பெர்க் நூலின் முதல் விடை தன்மை ஒருமையில் அமைந்தது. தான் தனக்கு உரியவன் அல்லன், தன் மீட்பர்க்கே முழுதும் உரியவன் என்னும் கருத்தை அது அறிக்கையிடுகிறது. மூல ஊரின் வணிகனுக்கு இது பக்தியுரை. தலைமுறை தலைமுறையாக ஒரு நிலக்கிழாரின் ‘ஆள்’ எனவே அறியப்பட்ட பண்ணையாளின் வாயில் இதன் பொருள் வேறு. அவர் உரிமையாளரை மாற்றி அறிவிக்கிறார். அதுவும் ‘நான்’ என்று தொடங்கி, சபை கேட்க. வினா அவரைச் சிறியவராக்க, விடை அவரை நிமிர்த்தியது. வினா-விடை நூல்களை வெறும் மனனக் கருவி எனத் தள்ளும் திறனாய்வாளர் இம்முரணைக் காண்பதில்லை.

ஆர்க்காடு மிஷனிலேயே வேறு நடையும் முயலப்பட்டது. ஹென்றி மார்ட்டின் ஸ்கடர் 1860களில் தமிழில் எழுதிய கடைத்தெருப் பிரசங்கத் துணைநூல் கூடிநிற்கும் மக்களிடம் பேசுவதற்கானது. 1868இல் அவரே ஒரு வினா-விடை நூலையும் வெளியிட்டார். ஒரே ஆசிரியர் வெளியில் நிற்போர்க்கு வாதமும் உள்ளே வந்தோர்க்கு மனனமும் வகுத்தார் என்பது நோக்கத்தக்கது. கடைத்தெருவில் கேட்பவர் எதிர்க்கேள்வி கேட்கலாம், பாதியில் எழுந்தும் போகலாம்; ஆகவே அங்கு அவர் முதியவராக மதிக்கப்பட்டார். திருமுழுக்குப் பெற்றபின் அவருக்கு அம்மதிப்பு குறைந்தது. (இவ்வடிவின் ஆற்றலைச் சபைக்கு வெளியே மிகச் சரியாக உணர்ந்தவர் ஆறுமுக நாவலர். ‘சைவ வினாவிடை’யை இரு புத்தகங்களாக அமைத்துக் கற்போரின் படிநிலையைக் கருத்திற் கொண்டார் அவர்.)

இருபதாம் நூற்றாண்டில் மாற்றம் கத்தோலிக்கத் தரப்பிலிருந்து வந்தது. திண்டிவனத்தில் மறைக்கல்விப் பணியாற்றிய அமலோர்பவதாஸ் அடிகளார் 1967இல் பெங்களூரில் தேசிய விவிலிய, மறைக்கல்வி, வழிபாட்டு மையத்தை அமைத்தார். வாழ்வனுபவத்தினின்று போதனையைத் தொடங்கும் முறை அங்கிருந்து பரவியது. 1971இல் உரோமை வெளியிட்ட மறைக்கல்வி வழிகாட்டி, முதியோர்க்கான போதனையே மறைக்கல்வியின் தலையாய வடிவம் என்று அறிவித்தது. அதே ஆண்டில் பெங்களூரில் தோன்றிய விரிவாக்க இறையியல் கல்விச் சங்கம், வேலையையும் குடும்பத்தையும் விடாது கற்க வழி செய்தது. ஏறத்தாழ 400 ஆண்டுகளுக்குப் பின் ஏட்டளவில் முன்னுரிமை இடம் மாறியது.

ஆலய வகுப்பறையில் அம்மாற்றம் முழுமையாக நிகழ்ந்ததாகக் கூற முடியவில்லை. சிறுவர்க்கு ஞாயிறு பள்ளி, கோடை விடுமுறை வேதாகமப் பள்ளி, பாட்டு, கதை, தேர்வு, பரிசு எல்லாம் உண்டு. திடப்படுத்தல் முடிந்ததும் கல்வி முடிந்ததெனப் பெற்றோரும் குருமாரும் ஒருங்கே கருதுகின்றனர். அதன்பின் எஞ்சுவது பிரசங்கம். அதில் அறிவினாவும்கூட இல்லை. சித்தூர்ப் பகுதிச் சபை ஒன்றில், சிறுவர் வகுப்பின் ஓரத்தில் பேரனுக்காகக் காத்திருந்த மூதாட்டி ஒருவர், பிறர்பொருளை இச்சிக்கலாகாது எனப் பிள்ளைகள் ஒப்பித்து முடித்ததும், “எங்க பொருளை எடுத்துக்கிட்டவங்க கதை என்னாங்க ஐயா?” என்று கேட்டதை நான் கேட்டிருக்கிறேன். பிள்ளைகள் சிரித்தனர். ஆசிரியராக இருந்த இளைஞர் அடுத்த கட்டளைக்குச் சென்றுவிட்டார். அவர்மீது பிழையில்லை, அவர் கையிலிருந்த நூலில் அவ்வினாவிற்குப் பக்கம் இல்லை.

அப்பக்கத்தைச் சேர்ப்பது மொழிநிலையிலேயே எளிதன்று. ‘நீ’யை ‘நீங்கள்’ ஆக்கினால் வினைமுற்றுகள் நீள்கின்றன. மனனத்திற்கு உதவிய ஓசை குலைகிறது. ‘நீர்’ என்பதோ வழிபாட்டில் கடவுளுக்கு உரியதாகிவிட்டது. தெலுங்கிலும் ஒருமை முன்னிலையும் மரியாதை முன்னிலையும் இவ்வாறே பிரிந்து நிற்பதால், இருமொழி வழங்கும் சபைக்கு இருமுறை இவ்வேலை காத்திருக்கிறது. கற்போரையே வினவச் செய்து, குரு விடையிறுப்பதாக நூலைத் திருப்பி அமைத்தால், முன்னிலைச் சொல் குருவைச் சுட்டும்; ‘ஐயா’ என்னும் விளி தானே வந்துசேரும்; மூதாட்டியின் வினாவும் அவர் சொன்ன தொடரிலேயே அச்சேறலாம். விடைகளை அப்போது புதிதாக எழுத வேண்டியிருக்கும்.