நுரையீரல் மாற்று: ஐந்தாம் ஆண்டுக் கணக்கு

1983-இல் டொரண்டோ பொது மருத்துவமனையில் ஜோயல் கூப்பரின் குழு ஒருவருக்கு ஒற்றை நுரையீரலை மாற்றிப் பொருத்தியது. அவர் ஆறு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். அதற்கு இருபது ஆண்டு முன்பு, 1963-இல், அமெரிக்காவின் மிசிசிப்பியில் ஜேம்ஸ் ஹார்டி செய்த முதல் முயற்சியில் நோயாளி தாங்கியது 18 நாள். நடுவில் நடந்த சில டஜன் முயற்சிகள் ஏறக்குறைய எல்லாமே தோற்றன. டொரண்டோவில் நடந்ததைச் சாதனை என்பதில் மிகையே இல்லை. உறுத்துவது வேறொன்று. பன்னாட்டு இதய, நுரையீரல் மாற்றுச் சங்கத்தின் பதிவேட்டில் 2010-க்கும் 2017-க்கும் இடையே சிகிச்சை பெற்ற பெரியவர்களின் இடைநிலை வாழ்நாள் 6.7 ஆண்டு. பாதிப் பேர் அதற்குள் போய்விடுகிறார்கள். இதய மாற்றில் இது பன்னிரண்டு ஆண்டைத் தாண்டுகிறது.

முன்னேற்றமே இல்லையா என்றால், உண்டு. 1990-களில் இதே கணக்கு 4.7 ஆண்டாக இருந்தது. ஆனால் கூடிய இரண்டு ஆண்டும் பெரும்பாலும் முதல் பன்னிரண்டு மாதத்தில் ஈட்டியவை: உறுப்பைப் பாதுகாக்கும் முறை, அறுவைத் திறன், வைரஸ் கிருமிக்கு முன்கூட்டியே தரும் மருந்து. அதன்பின் பிழைப்பு வரைகோடு இறங்கும் சரிவு பெரிதாக மாறவில்லை. அறுவை மேசையில் வென்ற மருத்துவம் அதற்கப்புறம் இழுபறியில்தான் இருக்கிறது.

காரணம் நுரையீரலின் அமைப்பிலேயே இருக்கிறது. மாற்றிய சிறுநீரகம் உடலுக்குள் மூடிக் கிடக்கிறது. நுரையீரலோ ஒவ்வொரு மூச்சிலும் தெருப் புழுதியையும் பூஞ்சை வித்துகளையும் சளிக்காய்ச்சல் கிருமியையும் உள்ளே இழுக்கிறது. போதாக்குறைக்கு, இரைப்பை அமிலம் மேலேறி மூச்சுக்குழாய்க்குள் கசிவதும் உண்டு. எதிர்ப்புச் சக்தி ஓயாமல் கிளறப்பட்டு, சிறு மூச்சுக்குழல்கள் தழும்பேறி அடைபடுகின்றன. இந்த நாள்பட்ட செயலிழப்பு ஐந்து ஆண்டுக்குள் ஏறக்குறைய பாதிப் பேரைப் பிடிக்கிறது. அது வரும் விதமும் ஓசையற்றது. நோயாளி வீட்டில் காலையில் கையடக்கக் கருவியில் ஊதி, வெளியேறும் காற்றின் அளவைக் குறித்துக்கொள்கிறார். அவருடைய உச்ச அளவு மூன்று லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். அது 2.4-க்கு இறங்கி, வேறு காரணமும் தென்படாமல் அங்கேயே நின்றால், நோயின் வாசலைத் தாண்டியாயிற்று. இருபது சதவீத இழப்புதான் எல்லைக்கோடு. படியேறும்போது மூச்சு வாங்காதவருக்கும் இது நடக்கலாம்.

மருத்துவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. இன்று காத்திருப்போர் பட்டியலில் ஏறுகிறவர்கள் முன்பைவிட மூத்தவர்கள், நலிந்தவர்கள். அமெரிக்காவில் 2005-இல் வந்த நுரையீரல் ஒதுக்கீட்டுப் புள்ளி முறை, காத்திருந்தால் இறந்துவிடுவார் என்பவருக்கே அதிக எடை தந்தது. அப்படிப்பட்டவர்களை வைத்துக்கொண்டு கோடு கீழே போகாமல் இருப்பதே ஒரு முன்னேற்றம்தான். முதல் ஆண்டைத் தாண்டியவர்களை மட்டும் எடுத்தால் இடைநிலை ஏறக்குறைய ஒன்பது ஆண்டாகிறது. இரட்டை நுரையீரல் பெற்றவர்கள் ஒற்றை பெற்றவர்களைவிட அதிக நாள் வாழ்கிறார்கள் என்ற கணக்கை மட்டும் நான் முழுதாக நம்பமாட்டேன். ஒற்றை பெரும்பாலும் மூத்தவர்களுக்கே போகிறது. சீட்டுக் குலுக்கிப் பிரித்துப் பார்த்த சோதனை அல்ல அது.

நம்பத்தக்க சோதனை ஒன்று ஸ்காண்டிநேவியாவிலிருந்து 2023-இல் வந்தது. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் இரண்டு மருந்துகளை அது ஒப்பிட்டது. சைக்ளோஸ்போரின் எடுத்தவர்களில் மூன்றாண்டில் 39 சதவீதத்தினருக்கு அந்த நாள்பட்ட செயலிழப்பு வந்தது. நாளொன்றுக்கு ஒருமுறை டாக்ரோலிமஸ் எடுத்தவர்களில் 13 சதவீதம். பெரிய வித்தியாசம். ஆனால் உலகின் பெரும்பாலான மையங்கள் ஏற்கெனவே டாக்ரோலிமஸ்தான் தருகின்றன. அந்த மருந்துக்கும் விலை உண்டு: சிறுநீரகம் தேய்வது, சர்க்கரை, தோல் புற்றுநோய்.

ஆகவே தீர்ப்பு நோயைப் பொறுத்தது. நுரையீரல் தழும்பேறும் பைப்ரோசிஸ் முற்றியவருக்கு எதிரே இருப்பது பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகள்தான். அவருக்குச் சில ஆண்டு கூடுவதே பெரிய வரவு. புகைப்பழக்கத்தால் நுரையீரல் காற்றறைகள் சிதையும் எம்ஃபைசீமா வந்து மெல்ல நலிகிறவருக்கு ஆயுள் கூடும் என்பது உறுதியில்லை. ஆக்ஸிஜன் சிலிண்டர் இல்லாமல் நடமாடும் ஆண்டுகள் கிடைக்கலாம். அதற்காகச் செய்துகொள்வதில் தவறில்லை, ஆயுள் கூடும் என்று சொல்லிச் செய்வதுதான் தவறு. முதல் ஆண்டுப் பிழைப்பை வைத்து இந்தச் சிகிச்சையை வெற்றி என்பது அரைப் பரீட்சையில் மார்க் போடுவது. அமெரிக்கா 2023-இல் தன் ஒதுக்கீட்டு முறையை மாற்றியபோது, ஓராண்டுக்குப் பதில் ஐந்தாண்டுப் பிழைப்பைக் கணக்கில் எடுத்ததே சரியான அளவுகோல்.

சென்னையிலோ வேறெங்கோ இதற்குப் பெயர் பதியப் போகிறவர்கள், எத்தனை அறுவை செய்தீர்கள் என்று கேட்பதோடு நிற்க வேண்டாம். ஐந்து ஆண்டுக்கு முன் செய்துகொண்டவர்களில் இன்று எத்தனை பேர் இருக்கிறார்கள், அவர்களில் எத்தனை பேர் ஆக்ஸிஜன் இல்லாமல் இருக்கிறார்கள் என்று கேளுங்கள்.