சுழல் உருளைக்கு நீண்ட குழல் பொருந்துமா?

திருக்கடையூரிலிருந்து தரங்கம்பாடி மிக அருகில்தான். 1620-ஆம் ஆண்டில் டேனியர் எழுப்பிய டேன்ஸ்போர்க் கோட்டையைக் காட்ட மாணவர்கள் சிலரை அழைத்துச் சென்றிருந்தேன். பழைய பீரங்கிகளைச் சுற்றி வந்த ஒரு மாணவர் திடீரென்று ஒரு கேள்வி கேட்டார். “சார், ரிவால்வரில் உருளை சுழன்று சுழன்று ஆறு முறை சுடுகிறதே! அதே உருளையை நீளத் துப்பாக்கியில் வைத்தால் என்ன? ஏன் ஒருவருக்கும் இது தோன்றவில்லை?”

தோன்றாமல் என்ன! தோன்றியது, செய்தார்கள், படைக்கும் கொடுத்தார்கள், பிறகு கைவிட்டார்கள். பொது அறிவு நூல்களில் பெரும்பாலானவை ரிவால்வரின் வெற்றியை மட்டுமே கூறுகின்றன. அதே உருளை ரைபிளில் அடைந்த தோல்வியைப் பற்றி அவை வாய் திறப்பதில்லை. வெற்றியை மட்டும் படிப்பவர் பொறியியலில் பாதியைத்தான் படிக்கிறார். ஆகவே வாசகரே, சுழல் உருளை பொருத்திய ரைபிளின், ரவைத் துப்பாக்கியின் நிறை குறைகளைச் சற்று நடுநிலையோடு ஆராய்வோம்.

உருளை வந்த வழி

கையால் திருப்பும் உருளையுடைய துப்பாக்கிகள் மிகப் பழையவை. 1718-இல் லண்டனில் ஜேம்ஸ் பக்கிள் என்பவர் முக்காலியின்மேல் நிறுத்திச் சுடும் சுழல் துப்பாக்கி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். ஒரு நூற்றாண்டுக்குப் பின், 1818-இல், எலிஷா காலியர் தீக்கல்லால் வெடிக்கும் சுழல் துப்பாக்கிக்கு அதே லண்டனில் காப்புரிமை பெற்றார். அடுத்து வந்தவர் அமெரிக்கரான சாமுவேல் கோல்ட். இவருக்கு நம் நாட்டோடும் ஒரு தொடர்பு உண்டு. 1830-இல், பதினாறு வயதில், ‘கார்வோ’ என்னும் கப்பலில் மாலுமியாகக் கல்கத்தாவுக்குப் பயணம் செய்தார். அந்தப் பயணத்தில்தான் சுழலும் உருளைக்கான மர மாதிரியை அவர் செதுக்கினார் என்று சொல்லப்படுகிறது. 1836-இல் அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது.

கோல்ட் கைத்துப்பாக்கியோடு நின்றுவிடவில்லை. தொடக்க ஆண்டுகளிலேயே சுழல் ரைபிள்களையும் செய்தார். 1838-இல் அமெரிக்கப் படை அவற்றுள் ஐம்பதை புளோரிடாப் போருக்காக வாங்கிற்று. பின்னர் 1855-ஆம் ஆண்டு மாதிரி என்று பெயர்பெற்ற சுழல் ரைபிள் வந்தது. குழலின் அளவுக்கேற்ப அதில் ஐந்து அல்லது ஆறு அறைகள் இருந்தன. வாயால் மருந்து கெட்டிக்கும் ஒற்றைக்குழல் துப்பாக்கியை நம் ஊர்ப்பக்கம் நரிக்குறவர் தோளில் பார்த்திருப்பீர்கள். அப்படிப்பட்ட ஐந்து துப்பாக்கிகளின் அடிப்பாகத்தை மட்டும் வெட்டி, ஒரே உருளையில் சேர்த்து, எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு குழலை வைத்ததாக எண்ணிக் கொள்ளுங்கள். கோல்ட்டின் ரைபிள் அதுதான்.

நிறைகள்

முதலில் நல்லதைச் சொல்லிவிடுவோம். ஒரு தோட்டா வெடிக்காமல் போனால் தானியங்கித் துப்பாக்கி நின்றுவிடும். கையால் இழுத்து அதை வெளியேற்ற வேண்டும். சுழல் துப்பாக்கியிலோ விசையை மீண்டும் இழுத்தால் போதும். அடுத்த அறை குழலுக்கு நேரே வந்து நிற்கும். உருளையைச் சுழற்றுவது சுடுபவரின் விரலே. வெடித்த வாயுவின் ஆற்றல் அன்று. எனவே மருந்து குறைந்த தோட்டாவானாலும் மிகுந்த தோட்டாவானாலும் இயக்கம் மாறுவதில்லை. ஒவ்வோர் அறையிலும் ஒவ்வொரு வகைத் தோட்டாவை வைக்கலாம். சுட்ட பின் வெற்றுக்கூடு முகத்துக்கு முன்னே தெறித்து விழுவதும் இல்லை. இவை சிறிய நன்மைகள் அல்ல. பின் எங்கே கோளாறு?

இடைவெளி என்னும் குறை

உருளை சுழல வேண்டுமானால் அதற்கும் குழலுக்கும் நடுவே ஓர் இடைவெளி இருந்தே தீரவேண்டும். நல்ல வேலைப்பாடுள்ள ரிவால்வரில் இது 0.1 முதல் 0.25 மில்லிமீட்டர் வரை இருக்கும். குண்டு அதைத் தாண்டியதும் சூடான வாயு அந்த வளையவடிவச் சந்து வழியே பக்கவாட்டில் பீறிடுகிறது.

“வாயு கசிவதால் வேகம் போய்விடும், அதனால்தான் சுழல் ரைபிள் தோற்றது” என்று பலரும் எழுதுகிறார்கள். இது அரை உண்மை. கணக்கிட்டுப் பாருங்கள். சந்தின் பரப்பைக் குழலின் குறுக்குப் பரப்பால் வகுத்தால், 4 × இடைவெளி ÷ குழல் விட்டம் என்று கிடைக்கும். இடைவெளி 0.15 மி.மீ., குழல் 9 மி.மீ. என்றால் விடை ஏறத்தாழ 7 விழுக்காடு. 12 போர் ரவைத் துப்பாக்கியின் குழல் விட்டம் 18.5 மி.மீ.; அதற்கு விடை 3 விழுக்காடுதான். குழல் பருமனாக ஆக, கசிவின் பங்கு குறைகிறது! குண்டு குழலைக் கடப்பதோ ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு விநாடிக்குள். ஆகவே வேக இழப்பு உண்டு; ஆனால் அது ஒரு துப்பாக்கியைக் கொல்லும் அளவுக்கு இல்லை.

உண்மையான குறை, அந்த வாயு எங்கே போகிறது என்பதில் இருக்கிறது. கைத்துப்பாக்கியை நீட்டிய கையில் பிடிக்கிறோம். சந்துக்கு முன்னால் கை இல்லை. முகம் ஒரு முழத்துக்கு அப்பால் இருக்கிறது. ரைபிளைப் பிடிப்பது எப்படி? அதன் கட்டையைத் தோளில் ஊன்றி, கன்னத்தை அதன்மேல் பதித்து, இடக்கையால் குழலைத் தாங்குகிறோம். அப்போது சந்து கண்ணுக்கு மிக அருகில் வந்துவிடுகிறது. இடக்கையோ அதற்கு நேர் முன்னே நீண்டிருக்கிறது. சூடான வாயுவோடு ஈயத் துகளும் தெறிக்கும். உலோகத்தில் எள்ளளவும் மாற்றம் இல்லை; மனித உடல் நிற்கும் இடம் மட்டும் மாறியது. அதுவே குறையாகிவிட்டது.

ஒன்று வெடிக்க, அடுத்ததும் வெடித்தால்?

தீபாவளிக்குச் சிறுவர்கள் வாங்கும் ‘ரிங் கேப்’ துப்பாக்கியை நினைவுபடுத்திக் கொள்ளுங்கள். சிவப்பு வளையத்தில் எட்டுப் பொட்டு மருந்துகள். சில சமயம் ஒன்றைத் தட்டினால் பக்கத்தில் இருப்பதும் சேர்ந்து வெடித்து விரலைச் சுடும். சிறு வயதில் என் விரலும் சுட்டிருக்கிறது. இதே நிகழ்ச்சி கோல்ட்டின் ரைபிளிலும் நிகழ்ந்தது. ஓர் அறையில் எழுந்த தீப்பொறி, பக்கத்து அறையின் குண்டைச் சுற்றியுள்ள மெல்லிய சந்து வழியாகவோ, சரியாகப் பொருந்தாத வெடிமூடியின் வழியாகவோ உள்ளே நுழைந்துவிடும். உடனே அந்த அறையும் வெடிக்கும். இதைத் தொடர் வெடிப்பு எனலாம்.

குழலுக்கு நேரே இல்லாத அறை வெடித்தால் அதன் குண்டு குழலுக்குள் போகாது. பக்கவாட்டிலுள்ள வெளியில் முன்னோக்கிப் பாயும். கைத்துப்பாக்கியில் இது அச்சம் தரும் விபத்து. ரைபிளிலோ குண்டின் பாதையிலேயே சுடுபவரின் இடக்கை இருக்கிறது! குண்டின்மேல் கொழுப்பைப் பூசி அறையின் வாயை அடைத்துப் பார்த்தார்கள். குழலைப் பிடிக்காமல் விசைக் காப்புக்கு முன்னால் கையை வைத்துத் தாங்கிப் பார்த்தார்கள். ஒரு கருவியைச் சரியான முறையில் பிடிக்க அதை வைத்திருப்பவரே அஞ்சினால், அக்கருவியின் தலையெழுத்து முடிந்தது எனலாம்.

இங்கே ஒன்றைப் பிரித்தறிய வேண்டும். மருந்தும் குண்டும் மூடிய உலோகக் கூட்டுக்குள் அடங்கிய தோட்டா வந்தபின் இந்த ஆபத்து பெரும்பாலும் நீங்கிவிட்டது. ஆகவே, “சுழல் ரைபிள் என்றாலே தொடர் வெடிப்பு” என்று இன்று கூறுவதும் நேர்மையன்று. அந்தக் குறை உருளையுடையது மட்டும் அன்று, அக்காலத்துத் தோட்டாவினுடையதும்தான்.

பருமன் என்னும் குறை

மூன்றாவது குறை எக்காலத்துக்கும் உரியது. அது வடிவ கணிதம் விதித்தது. உருளையின் அறை மையங்கள் ஒரு வட்டத்தில் அமைகின்றன. அந்த வட்டத்தின் விட்டம் = (அறையின் விட்டம் + இடைச்சுவர்) ÷ சைன் (180° ÷ அறைகளின் எண்ணிக்கை). அதனுடன் ஓர் அறையின் விட்டத்தையும் இருபுற வெளிச்சுவரையும் கூட்டினால் உருளையின் பருமன் கிடைக்கும்.

கான்பூரிலுள்ள அரசுப் படைக்கலத் தொழிற்சாலை 2014-இல் வெளியிட்ட ‘நிர்பீக்’ என்னும் ரிவால்வர் .32 அளவுடையது. அந்த அளவில், சுவர் 2.4 மி.மீ. என்று கொண்டு, ஆறு அறைகளுக்குக் கணக்கிட்டால் உருளை ஏறத்தாழ 3.5 செ.மீ. பருமன் வரும். கைக்கு அடக்கம். 12 போர் தோட்டாவுக்கு அறையே 2 செ.மீட்டருக்கு மேல். சுவர் 3 மி.மீ. என்று கொண்டால், ஐந்து அறைகளுக்கு 6.6 செ.மீ.; பத்து அறைகளுக்கு 10 செ.மீட்டருக்கும் மேல்!

இந்த உருளையைச் சுழற்றுவது யார்? விசையை இழுக்கும் ஆட்காட்டி விரல். உருளையின் நிலைமத் திருப்புத்திறன் அதன் ஆரத்தின் நான்காம் அடுக்கையும் நீளத்தையும் பொறுத்தது. 3.5 செ.மீ. உருளை 6.6 செ.மீ. ஆகி, நீளமும் ஏறத்தாழ இருமடங்கானால், அதைச் சுழற்றும் கடினம் 20 மடங்குக்கு மேல் பெருகுகிறது. தென்னாப்பிரிக்காவில் 1980-களில் விற்பனைக்கு வந்த, ஹில்டன் வாக்கர் வடிவமைத்த ‘ஸ்டிரைக்கர்’ என்னும் ரவைத் துப்பாக்கியில் பன்னிரண்டு அறைகள் உண்டு. நம் கணக்குப்படி அதன் உருளை ஏறத்தாழ 12 செ.மீ. வரவேண்டும். அதை விரலால் சுழற்ற முடியுமா? அதனால்தான் சுவர்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதுபோல் ஒரு வில்லை முறுக்கிவைத்து அதைச் சுழலச் செய்தார்கள். துப்பாக்கி கனமாகவும் பருமனாகவும் ஆயிற்று.

இதற்கு மாறாக, தோட்டாக்களைக் குழலுக்குக் கீழே ஒரு குழாயில் வரிசையாகப் படுக்க வைத்தால் எத்தனை தோட்டா வைத்தாலும் பருமன் கூடுவதில்லை, நீளந்தான் கூடும். நீளத் துப்பாக்கியில் நீளத்துக்கா பஞ்சம்! முன்கட்டையை இழுத்துத் தள்ளி இயக்கும் ‘பம்ப்’ வகை 12 போர் துப்பாக்கி இந்த முறையில் அமைந்ததே. நம் திருச்சிராப்பள்ளிப் படைக்கலத் தொழிற்சாலையும் அதைத் தயாரித்து வந்திருக்கிறது.

நியாயமான தீர்ப்பு

அப்படியானால் கோல்ட்டின் ரைபிள் வெறும் பிழைதானா? அப்படிச் சொன்னால் அநியாயம். 1863 செப்டம்பர் 20-ஆம் நாள், அமெரிக்க உள்நாட்டுப் போரின் சிக்கமாகா களத்தில், ஒகையோவின் 21-ஆம் படைப்பிரிவு இந்தச் சுழல் ரைபிள்களோடு ஒரு மேட்டைக் காத்து நின்றது. அன்று அவர்கள் சுட்டவை 43,000-க்கும் மேற்பட்ட முறை. தோட்டா தீர்ந்த பிறகே அவர்கள் தளர்ந்தனர். ஒவ்வொரு குண்டுக்கும் மருந்து கெட்டிக்க வேண்டியிருந்த எதிரிக்கு எதிரே ஐந்து அறை உருளை பெரும் வலிமைதான். ஆனால் 1860-லேயே உலோகத் தோட்டாவைப் பயன்படுத்தும் ஸ்பென்சர், ஹென்றி ரைபிள்கள் தோன்றிவிட்டன. போர் முடிந்ததும், வாங்கும்போது 44 டாலர் விலையிருந்த சுழல் ரைபிள்களை அரசு 42 சென்டுக்கு விற்றுத் தீர்த்தது.

ரைபிளைப் பொறுத்தவரை என் முடிவு இது: பொருந்தாது. இன்றைய ரைபிள் தோட்டாவின் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் 3,500 மடங்கையும் தாண்டும். அந்த அழுத்தத்தை ஒரு திறந்த சந்தின் வாயிலில், கண்ணுக்கருகே வைத்துக்கொள்வதற்கு எந்த நன்மையும் ஈடாகாது.

ரவைத் துப்பாக்கிக்கு அவ்வளவு கடுமையான தீர்ப்பு வேண்டாம். அதன் அழுத்தம் 700, 800 மடங்கு அளவில்தான். ரஷ்யாவின் தூலா நகரில் 1990-களிலிருந்து செய்யப்படும் எம்டிஎஸ்-255 என்பது ஐந்து அறைச் சுழல் ரவைத் துப்பாக்கி, வேலையும் செய்கிறது. பிரேசில் நாட்டின் ‘சர்க்யூட் ஜட்ஜ்’ என்பது சிறிய .410 தோட்டாவைப் பயன்படுத்தும் நீண்ட சுழல் துப்பாக்கி. அதில் உருளையின் இருபுறமும், பீறிடும் வாயுவைத் தடுக்கத் தகடுகள் பொருத்தியிருக்கிறார்கள். தகடு வைத்ததே குறையை ஒப்புக்கொண்டதற்குச் சான்று. தோட்டா சிறுத்தால் பருமன் குறைகிறது. தகடு வைத்தால் கை தப்புகிறது. ஆனால் ஐந்து தோட்டாவுக்கு இத்தனை ஏற்பாடா என்ற கேள்வி நிற்கத்தான் செய்கிறது. எளிய இரட்டைக்குழல் துப்பாக்கி ஒரு பக்கமும் பம்ப் துப்பாக்கி மறுபக்கமும் நிற்க, நடுவில் இதற்கு மிஞ்சுவது மிகக் குறுகிய இடம்.

மாணவ நண்பர்களே, எந்தக் கருவியையும் ஒருவர் புகழக் கேட்டால் மூன்று கேள்விகள் கேளுங்கள். அளவைப் பெருக்கினால் இது என்ன ஆகும்? பழுதுபட்டால் அந்தப் பழுது எந்தத் திசையில் பாயும்? அப்போது மனிதனின் கை எங்கே இருக்கும்? துப்பாக்கிக்கு மட்டுமல்ல, நெல் அறுக்கும் இயந்திரத்துக்கும் கதிரடிக்கும் இயந்திரத்துக்கும் இக்கேள்விகள் பொருந்தும். நம் டெல்டா வயல்களில் துப்பாக்கியைவிட அவைதான் அதிகம்.

தரங்கம்பாடியில் கேள்வி கேட்ட மாணவரிடம் மேலே சொன்ன சைன் கணக்கை எழுதிக் கொடுத்தேன். திரும்பும் வழியில் பேருந்திலேயே இருபது அறைகளுக்குப் போட்டுப் பார்த்துவிட்டார். “பதினேழு, பதினெட்டு சென்டிமீட்டர் வருகிறது சார். தோளில் வைப்பது இருக்கட்டும். இதைத் தூக்குவது யார்?” என்றார்.