டெல்லிக் கோடையில் இருவருக்கான இரண்டு மணி நேரம்

மே மாதம் பிறந்துவிட்டால் டெல்லித் தமிழர் வீடுகளில் ஒரே கேள்விதான்: ஊருக்கு எப்போது கிளம்புகிறீர்கள்? கிராண்ட் ட்ரங்க் எக்ஸ்பிரஸிலோ தமிழ்நாடு எக்ஸ்பிரஸிலோ டிக்கெட் கிடைத்தவர்கள் பெட்டி கட்டத் தொடங்கிவிடுவார்கள். லீவு கிடைக்காதவர்களும், பிள்ளைகள் வளர்ந்து வெளியூர் போய்விட்ட தம்பதிகளும், கல்யாணமாகி முதல் வருடத்தில் இருப்பவர்களும் ஜன்னலைச் சாத்திவிட்டு, கூலருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு மழைக்காகக் காத்திருப்பார்கள். வானிலைத் துறையின் கணக்குப்படி டெல்லியில் பருவமழை தொடங்க வேண்டிய தேதி ஜூன் 27. அதற்கு இன்னும் எட்டு வாரம் இருக்கிறது. அத்தனை நாளையும் ஜன்னல் சாத்திய வீட்டுக்குள் கழிப்பது பெரிய நஷ்டம். இந்த நகரம் தன் மிக அழகான காட்சிகளில் சிலவற்றை அந்த எட்டு வாரத்தில்தான் காட்டுகிறது.

வெயில் பொய்யில்லை. 2024 மே 29 அன்று முங்கேஷ்பூர் தானியங்கி வானிலை நிலையம் 52.9 டிகிரி காட்டி நாட்டையே திடுக்கிட வைத்தது. கருவி மூன்று டிகிரி கூடுதலாகக் காட்டியது பின்னால் தெரிந்தது. அதைக் கழித்தாலும் ஐம்பதைத் தொடும் வெயில்தான். மேற்கிலிருந்து 'லூ' வீசத் தொடங்கினால் முகத்துக்கு நேரே அடுப்பைத் திறந்த மாதிரி இருக்கும். அந்த நேரத்தில் வெளியே சுற்றச் சொல்லி யாருக்கும் யோசனை கூறக் கூடாது.

ஆனால் ஜூன் முதல் வாரத்தில் டெல்லியில் சூரியன் உதிப்பது 5.23 மணிக்கு. ஐந்து மணிக்கெல்லாம் வானம் வெளுத்துவிடும். ஏழரை வரை வெயில் தாங்கும். இந்த இரண்டு மணி நேரம்தான் கோடையின் முதலீடு. கணவனும் மனைவியும் பேச நேரமே இல்லை என்று குறைப்படும் நகரத்தில், போன் அடிக்காத, வேலைக்காரம்மா மணி அடிக்காத, ஆபீஸ் நினைப்பு வராத இரண்டு மணி நேரம்! வாரத்தில் ஒரு நாள் இப்படிக் கிளம்பினாலே போதும். எட்டு வாரத்தில் எட்டுக் காலை கையில் இருக்கும்.

கிளம்புவதற்கு முன் ஒரு சின்ன நோட்டில் இருவரும் தங்கள் இலக்குகளைத் தனித்தனியே எழுதிக்கொள்ள வேண்டும். இதுதான் இந்தக் காலை நடைகளின் முதல் பாடம். கணவன் ஆசைப்பட்டதையே மனைவியும், மனைவி சொன்னதையே கணவனும் எழுதினால் பாதி சுவை போய்விடும். ஒருவர் 'பத்து மரங்களைப் பெயர் சொல்லி அடையாளம் காண வேண்டும்' என்று எழுதலாம். இன்னொருவர் 'ஒரு கட்டடத்தை முழுதாக வரைந்து பார்க்க வேண்டும்' என்று எழுதலாம். ஒருவர் வாரத்தில் மற்றவர் துணை. இலக்கு சின்னதாக இருக்கட்டும். வீட்டிலிருந்து முக்கால் மணி நேரத்துக்குள் போய்ச் சேரும் இடமாக இருக்கட்டும். முடித்தோமா இல்லையா என்று கண்ணால் பார்த்துச் சொல்லக் கூடியதாகவும் இருக்க வேண்டும். 'ஆரோக்கியமாக இருப்போம்' என்பதை எந்த ஞாயிற்றுக்கிழமையும் முடித்துவிட முடியாது. 'அமிர்தா ஷேர்கில் மார்க்கில் கொன்றை பூப்பதைப் பார்ப்போம்' என்பதை முடிக்க முடியும்.

அந்தச் சாலையிலிருந்தே தொடங்கலாம். லோதி தோட்டத்தை ஒட்டிய இந்தச் சாலையின் இருபுறமும் நிற்பது அமல்தாஸ், நம் சரக்கொன்றை. ஏப்ரலில் போனால் வறண்ட மரங்களாகத்தான் தெரியும். ஏமாந்து திரும்பக் கூடாது. ஒரே ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து, 'இது நம்ம மரம்' என்று வைத்துக்கொள்ள வேண்டும். மே நடுவில் திரும்பப் போனால் கிளைகளில் பச்சை மொட்டுச் சரங்கள் தொங்கும். மே கடைசியில் போனால் இலையையே தேட வேண்டியிருக்கும், அவ்வளவு மஞ்சள்.

கொன்றையைத் தூரத்திலிருந்து படம் எடுத்துவிட்டு நகர்பவர்கள்தான் அதிகம். பக்கத்தில் போய், கைக்கு எட்டும் ஒரு சரத்தைப் பறிக்காமல் பிடித்துப் பார்க்க வேண்டும். முக்கால் முழ நீளம் இருக்கும். பூக்கள் மேலிருந்து கீழாக மலர்ந்துகொண்டே வரும். அதனால் மேலே முழுப் பூ, நடுவில் பாதி விரிந்தது, நுனியில் பச்சை முத்து மாதிரி மொட்டு என்று ஒரே சரத்தில் ஒரு வாரத்துக் கதை தெரியும். பூவுக்குள் பார்த்தால் ஐந்து இதழ்களுக்கு நடுவே பத்துக் கேசரங்கள் இருக்கும். அவற்றில் மூன்று மட்டும் மற்றவற்றைவிட நீண்டு, கொக்கி போல வளைந்து நிற்கும். பெரிய கருவண்டுகள் வந்து தொங்கும்போது சரமே ஆடும். அதே கிளையில் சென்ற வருடத்துக் கறுத்த நீளக் காய்களும் தொங்கிக்கொண்டிருக்கும். போன வருடமும் இந்த வருடமும் ஒரே கொம்பில்!

"ஏங்க, இது நம்ம ஊர்க் கோயில்ல நிக்கிற கொன்றைதானே?"

அதேதான். சிவன் தலையில் சூடிய பூ. தமிழ் மரபில் கொன்றைக்கு இன்னொரு முகமும் உண்டு. குறுந்தொகையின் முல்லைப் பாட்டுகளில் கொன்றை பூத்தால் கார்காலம் வந்தது என்று பொருள். பிரிந்து போன தலைவன் அந்தப் பருவத்தில் திரும்பி வருவதாகச் சொல்லியிருப்பான். கொன்றை பூத்துவிட்டது, அவன் வரவில்லை. ஒரு பாட்டில் தலைவி, காடே கார்காலம் என்று சொன்னாலும் நம்ப மாட்டேன், அவர் பொய் சொல்லாதவர் என்று உறுதியாக நிற்கிறாள். டெல்லியிலோ கொன்றை கொதிக்கும் வெயிலில் பூக்கிறது. பூத்து ஒன்றரை மாதத்தில் மழை வரும் என்று இங்குள்ளவர்களும் சொல்வதுண்டு. இரண்டாயிரம் கிலோமீட்டர் இடைவெளியிலும் இந்தப் பூ மழையின் செய்திதான். இதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு அந்த மரத்தடியில் கால் மணி நேரம் நிற்பது ஒரு காலைப்பொழுதுக்குத் தாராளம்.

அங்கிருந்து லோதி தோட்டத்துக்குள் நுழைந்தால் கட்டணம் கிடையாது. 1936-ல் லேடி வில்லிங்டன் பெயரில் திறந்த பூங்கா இது. சுதந்திரத்துக்குப் பிறகு இப்போதைய பெயர் வந்தது. 1444-ல் எழுந்த முகமது ஷா சையதின் கல்லறையும், 1517-ஐச் சேர்ந்த சிக்கந்தர் லோதியின் கல்லறையும் இங்கே இருக்கின்றன. முதல் முறை போகும் தம்பதிகள் எல்லாவற்றையும் சுற்றி முடிக்கப் பார்ப்பார்கள். வேண்டாம். ஏதாவது ஒரு ஆலமரத்தின் கீழோ அரசமரத்தின் கீழோ உட்காருங்கள். பழம் தின்ன வரும் சாம்பல் இருவாட்சியின் கீச்சுக் குரலும், மாங்குயிலின் குழலோசையும் கேட்கும். மாங்குயில் கோடையில்தான் இந்தப் பக்கம் வரும் விருந்தாளி. மஞ்சளும் கறுப்புமாக அது கிளைவிட்டுக் கிளை தாவுவதை முதலில் கண்டவர் மற்றவரின் தோளைத் தட்டிக் காட்ட வேண்டும். பேசினால் பறந்துவிடும்.

அடுத்து வருவது தம்பதிகளுக்கென்றே அமைந்த ஒரு காலை நடை. டெல்லியில் பல வருடம் குடியிருப்பவர்கள்கூட இப்படிச் சேர்த்துப் பார்த்திருக்க மாட்டார்கள். நிஜாமுதீன் பக்கம் மதுரா ரோட்டை ஒட்டி, ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு கல்லறைகள். ஒன்று மனைவி கணவனுக்குக் கட்டியது. மற்றது கணவன் மனைவிக்குக் கட்டியது.

கணவன் கட்டியதை முதலில் பார்க்கலாம். அக்பரின் படைத்தளபதியும் கவிஞருமான அப்துல் ரஹீம் கான்-இ-கானான் தன் மனைவி மா பானுவுக்காக 1598-ல் கட்டியது இது. டெல்லியில் படித்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு இவர் அந்நியர் அல்ல. ஹிந்திப் பாடத்தில் மனப்பாடம் செய்த தோஹாக்களின் ரஹீம் இவர்தான். ஷாஜகான் தாஜ்மஹாலைக் கட்டத் தொடங்குவதற்கு முப்பது வருடத்துக்கு மேல் முன்பே ஒரு கணவன் தன் மனைவிக்காக இந்தக் கட்டடத்தை எழுப்பிவிட்டான். இதன் பளிங்கை 18-ஆம் நூற்றாண்டில் பெயர்த்தெடுத்து சஃப்தர்ஜங் கல்லறைக்குக் கொண்டுபோனார்கள். சிதைந்து நின்ற கட்டடத்தை ஆகா கான் பண்பாட்டு அறக்கட்டளை ஆறு வருடம் உழைத்துச் சீர்செய்து 2020-ல் முடித்தது. குவிமாடத்தின் அடிப்பகுதியில் மட்டும் பளிங்கைத் திரும்பப் பதித்துவிட்டு, மீதியை இழந்தது இழந்ததுதான் என்று தெரியும்படி விட்டிருக்கிறார்கள். அந்த நேர்மையைக் கீழே நின்று அண்ணாந்து பார்த்து ரசிக்க வேண்டும். 1627-ல் ரஹீம் இறந்தபோது அவரையும் மனைவியின் பக்கத்திலேயே அடக்கம் செய்தார்கள்.

இங்கிருந்து ஹுமாயூன் கல்லறை. புராணா கிலாவுக்குள் இன்றும் நிற்கும் ஷேர் மண்டல் என்ற நூலகத்தின் படியில் கால் இடறி விழுந்து 1556 ஜனவரியில் ஹுமாயூன் இறந்தார். ஹஜ் போய் வந்ததால் ஹாஜி பேகம் என்று பெயர் பெற்ற அவரது முதல் மனைவி பேகா பேகம் எழுப்பியதாக மரபு சொல்லும் இந்தக் கல்லறை 1572 வாக்கில் முடிந்தது. 1993-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. பேகா பேகமும் உள்ளேதான் இருக்கிறார்.

இதைப் பார்ப்பதற்கு ஒரு வழி உண்டு. நுழைவாயில் மேற்கே இருப்பதால் காலையில் சூரியன் கட்டடத்தின் முதுகில் இருக்கும். முன்னாலிருந்து பார்த்தால் இருண்ட உருவம்தான் தெரியும். அவசரப்பட்டு மேடையேறாமல் தோட்டத்தின் நீர்க்கால்களை ஒட்டித் தெற்கு வழியாகக் கிழக்குப் பக்கம் நடந்து போங்கள். அங்கேதான் செம்மணற்கல் வெயிலில் பழுத்து நிற்கும். வளைவுகளின் மேல் வெள்ளைப் பளிங்கில் பதித்த ஆறு முனை நட்சத்திரங்கள் துல்லியமாகத் தெரியும். பிறகு மேலே ஏறி உள்ளே போனால், கல்லில் குடைந்த சல்லடைச் சாளரங்கள் வழியே வரும் ஒளி தரையில் கோலம் போட்டிருக்கும். நம் வீட்டு வாசலில் அரிசிமாவில் போடும் புள்ளிக் கோலத்தை ஞாபகப்படுத்தும் கோலம். ஒருவர் அந்தக் கோலத்தை நோட்டில் வரையட்டும். மற்றவர் பக்கத்தில் உட்கார்ந்து சும்மா இருக்கட்டும்.

சும்மா இருப்பதும் துணைதான். 1847-ல் சையது அகமது கான், டெல்லியின் பழைய கட்டடங்களைப் பற்றி 'ஆசாருஸ் ஸனாதீத்' என்ற நூலை வெளியிட்டார். 72.5 மீட்டர் உயரக் குதுப் மினாரின் மேற்பகுதிக் கல்வெட்டுகளைப் படிப்பதற்காக, சாரத்தில் கூடை கட்டி அதில் உட்கார்ந்து தொங்கினாராம். அவருடைய நண்பர் இமாம் பக்ஷ் ஸஹ்பாய் கீழே நின்று பயத்தில் முகம் வெளுத்துப் பார்த்துக்கொண்டிருந்ததை, வாழ்க்கை வரலாறு எழுதிய ஹாலி பதிவு செய்திருக்கிறார். சொந்த ஊரைத் தெரிந்துகொள்ள இப்படிக் கிளம்பியவர்கள் இருந்த நகரம் இது. இன்றைய தம்பதி ஐந்து மணிக்கு எழுந்திருப்பது ஒன்றும் பெரிய சாகசமல்ல.

வெயில் முற்றிவிட்ட வாரங்களுக்குப் படிக்கிணறுகள் இருக்கின்றன. ஹிந்தியில் 'பாவ்லி'. கன்னாட் பிளேஸுக்கு அருகே ஹெய்லி ரோட்டில் அக்ரசேன் பாவ்லி. மெஹ்ரோலித் தொல்லியல் பூங்காவுக்குள், லோதி காலத்தில் 1506-ல் கட்டிய ராஜோன் கி பாவ்லி. கொத்தனார்கள் பிற்பாடு அங்கே குடியிருந்ததால் வந்த பெயர் அது. கீழே இறங்கவிடாத நாளிலும் மேல்படியில் உட்கார்ந்தால் போதும். நிழல் ஒவ்வொரு படியாக ஏறுவதை எண்ணிக்கொண்டிருக்கலாம். வெயிலைக் கட்டடத்தாலேயே சமாளித்த அறிவை உடம்பே உணரும்.

மாலை வேளை வேண்டுமென்றால் ஆர்.கே. புரம் மலை மந்திர். 1973-ல் கும்பாபிஷேகம் கண்ட கருங்கல் கோயில். இருட்டிய பிறகு போவதுதான் கால்களுக்கு நல்லது, பகலில் கல் சுடும்.

திரும்பும் வழியில் வண்டிக்காரரிடம் ஃபால்சா வாங்க மறக்க வேண்டாம். மிளகைவிடச் சற்றுப் பெரிய, ஊதா நிறப் புளிப்புப் பழம். கறுப்பு உப்புத் தூவி இலையில் தருவார். சில வாரம்தான் கிடைக்கும். வில்வப்பழ ஷர்பத்தும் அப்படித்தான். ஜூன் கடைசியில் கர்தவ்யா பாத் பக்கம் நாவல் பழுக்கத் தொடங்கும். குத்தகை எடுத்தவர்கள் கிளையை உலுக்க, கீழே நாலு பேர் துணி விரித்துப் பிடிக்கும் காட்சியையும் நோட்டில் ஒரு இலக்காகச் சேர்த்துக்கொள்ளலாம். அந்த வாரத்தில் மழையும் வந்துவிடும்.

ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், தொப்பி, எலுமிச்சை உப்புக் கரைசல் கையில் இருக்கட்டும். ரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ மருந்து சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுக் கிளம்பட்டும். எட்டரைக்குள் வீடு திரும்பிவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மெட்ரோ தொடங்கும் நேரத்தை முதல் நாள் இரவே பார்த்துக்கொள்ளுங்கள். கொன்றைச் சாலைக்குப் போக கான் மார்க்கெட் ஸ்டேஷனில் இறங்க வேண்டும். வெளியே வந்ததும் கால் வைக்கும் சாலைக்குப் பெயர் சுப்பிரமணிய பாரதி மார்க்.