இடுகுறியும் கவிஞனின் சலுகையும்

புரியாத கவிதை ஒன்றைப் பற்றிக் கேட்டால் தயாராக ஒரு பதில் கிடைக்கிறது. குறி என்பதே இடுகுறிதான், சொல்லுக்கும் பொருளுக்கும் இயற்கையான உறவு கிடையாது, ஆகவே கவிஞன் தன் பொருளைத் தானே இட்டுக்கொள்கிறான் என்று. சாட்சிக்கு ஸொஸ்யூர். 1982இல் தமிழவனின் 'ஸ்ட்ரக்சுரலிசம்' வந்த பிறகு நம் பத்திரிகைகளில் பழகிப்போன பெயர் அது. பெயர் பழகிய அளவுக்கு வாதம் பழகவில்லை. ஸொஸ்யூர் சொன்னது இதற்கு நேர் எதிரானது.

1907க்கும் 1911க்கும் இடையே ஜெனீவாவில் அவர் நடத்திய வகுப்புகளை மாணவர்கள் குறித்து வைத்திருந்தார்கள். 1913இல் அவர் இறந்த பின், அந்தக் குறிப்புகளிலிருந்து அவருடைய சகாக்கள் இருவர் 1916இல் தொகுத்து வெளியிட்டதே அந்த நூல். குறி இடுகுறி என்பதிலிருந்து நூல் பெறும் முடிவு, தனிமனிதன் அதை மாற்ற இயலாது என்பது. காரணம் இருந்தால், பொருந்தவில்லை என்று வாதாடலாம். காரணமே இல்லாத ஒன்றோடு எதை வைத்து வாதாடுவது? சமூகம் ஏற்றுக்கொண்டிருக்கிறது என்பது ஒன்றே அதன் பலம்.

'இதெல்லாம் நன்னூலிலேயே இருக்கிறது' என்பவர்களும் உண்டு. பாதி உண்மை. மரம் இடுகுறிப் பெயர், பறவை காரணப் பெயர் என்று நன்னூல் பிரிக்கிறது. ஸொஸ்யூரிடமும் இதை ஒத்த பிரிவினை இருக்கிறது. 'பத்து' முழு இடுகுறி என்றால், 'பதினொன்று' ஓரளவு காரணம் உடையது. ஆனால் அவர் அங்கே நிற்கவில்லை. காரணமற்ற குறி எதனால் பொருள் தருகிறது என்று மேலே கேட்கிறார். பக்கத்துக் குறியிலிருந்து வேறுபடுவதால் என்பது அவர் பதில்.

நம் மொழியிலேயே பார்க்கலாம். 'நாங்கள்' கேட்பவனை விலக்குகிறது. ஆங்கில 'வி' விலக்குவதுமில்லை, சேர்ப்பதுமில்லை. அதன் பக்கத்தில் ஒரு 'நாம்' இல்லை. 'நாம்' என்று தொடங்கிய கவிதை நடுவில் 'நாங்கள்' என்று மாறினால் வாசகன் வெளியே தள்ளப்படுகிறான். அந்த அதிர்ச்சி கவிஞன் இட்ட பொருளால் வருவதல்ல. அந்த வேறுபாடு எல்லோருக்கும் பொதுவான மொழி அமைப்பில் முன்பே இருக்கிறது. அதில் எதைத் தேர்வது, எங்கே வைப்பது என்பதுதான் கவிஞனுடையது. அமைப்பு பொது, பேச்சு தனி என்ற பிரிவினைக்கு அர்த்தம் இதுவே.

பேச்சு என்பது சிறிய இடமல்ல. மொழியில் புதிதாகப் புகுந்த எதுவும் முதலில் யாரோ ஒருவர் பேச்சில் பிறந்ததுதான் என்றும் ஸொஸ்யூர் சொல்கிறார். ஆனால் ஒருவர் சொன்னதைப் பலரும் எடுத்துச் சொன்ன பிறகே அது மொழியாகிறது. அதுவரை கவிஞனின் புதுப்பொருள் ஒரு முயற்சி மட்டுமே.

கடினமான கவிதைகளை நான் குறை சொல்லவில்லை. அவற்றில் வேறுபாடுகள் நுட்பமாக இருக்கின்றன. உழைக்கும் வாசகனுக்கு அவை கிடைக்கின்றன. எத்தனை உழைத்தாலும் கிடைக்காத இடத்தில், முயற்சி தோற்றது என்று நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த இடத்தில் ஸொஸ்யூரை ஜாமீனுக்கு அழைப்பது, அவரைப் படிக்கவில்லை என்பதைத்தான் காட்டும்.